அருத்தாபத்தியில் வழுக்கும் இடங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வின் முதல் தாளில் 2019 முதல் இந்திய அளவையியலும் ஒரு பகுதி. பிரத்தியட்சம் (நேரில் காண்பது), அனுமானம் (குறியைக் கொண்டு அறிவது), உபமானம் (ஒப்புமை), சப்தம் (நம்பத்தக்க சொல்), அருத்தாபத்தி, அனுபலப்தி (இல்லாமையை அறிவது) என்று ஆறு பிரமாணங்களை, அதாவது அறிவு பெறும் வழிகளைப் படிக்க வேண்டும். தமிழில் இவற்றை அளவைகள் என்பார்கள். முதல் நான்கையும் கடகடவென்று ஒப்பிக்கிறவர்கள் ஐந்தாவதில் நின்றுவிடுகிறார்கள். தமிழ் இலக்கியம் படித்தவர்களும்தான். இத்தனைக்கும் இந்தச் சொல்லைக் காப்பியத்துக்குள் கொண்டுவந்தவர் நம்ம ஊர்க்காரர், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். மணிமேகலை 27ஆம் காதையில் பத்து அளவைகளை அடுக்கும்போது முதல் நான்கையும் காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று சொல்லி, அவற்றுக்கு அடுத்து அருத்தாபத்தியை வைக்கிறார்.

கைமாறி வரும் குறிப்புகளில் அதிகம் கண்ணில் படுகிற பிழை, அருத்தாபத்தி என்றால் அனுமானம், அதாவது ஊகம் என்று எழுதிவைப்பது. ஒரே வரியில் மூன்றையும் குழப்பியாகிவிட்டது. ஊகம் தப்பினாலும் தப்பலாம். அனுமானத்துக்கு ‘ஏது’ வேண்டும், அதாவது ஓர் அடையாளம், புகையைக் கண்டு நெருப்பு என்பதுபோல. அந்த ஏது இருக்கும் இடமெல்லாம் பொருளும் இருக்கும் என்ற வியாப்தியும் வேண்டும். அருத்தாபத்தி அப்படிப் போவதில்லை. நமக்குத் தெரிந்த இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன, இரண்டுமே உண்மை, மூன்றாவதாக ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் முட்டல் தீரும். அந்த மூன்றாவதைக் கொள்வதுதான் அருத்தாபத்தி. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான் என்பது வேதத்துக்குப் பொருள் காணும் மரபினரான மீமாம்சகர்கள் காலகாலமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு.

மதுரையில் இதற்குத் தேவதத்தன் வேண்டியதில்லை, ஒரு பரோட்டாக் கடை போதும். பகலில் எப்போது போனாலும் ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. விடிகாலையில் பார்த்தால் வாசலில் காலி முட்டை அட்டைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கின்றன, காலி சிலிண்டர்கள் வண்டியில் ஏறுகின்றன. அட்டைகளையும் சிலிண்டரையும் பார்த்து ‘கடையில் வியாபாரம் நடக்கிறது’ என்று அறிவது அனுமானம், அவை ஏது. வியாபாரம் நடக்கிறது, பகலில் கடை திறப்பதில்லை, அப்படியென்றால் ராத்திரிதான் நடக்கிறது என்று கொள்வது அருத்தாபத்தி. அட்டைகளுக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது. ஒரே கடை வாசலில் இரண்டு அளவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடுவதால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

‘இதுவும் அனுமானத்திலேயே அடங்காதா?’ என்று கேட்கத் தோன்றினால், கேள்வி நியாயமானதுதான். நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்களே அப்படித்தான் வாதாடினார்கள். அவர்களுக்கு அளவை நான்கு, பௌத்த அளவை நூலாருக்கு இரண்டு, மீமாம்சகரில் இரண்டு பிரிவு, பிரபாகரருக்கு ஐந்து, பாட்டருக்கு ஆறு. ஆகவே ‘அருத்தாபத்தி தனி அளவை’ என்ற வாக்கியம் சரியா தவறா என்று கேட்டால், யாருடைய கொள்கைப்படி என்று பார்க்காமல் டிக் போடக் கூடாது.

பழைய எடுத்துக்காட்டை அப்படியே இன்றைக்குப் பொருத்துவது இன்னொரு வழுக்கல். கருதல் அளவையை, அதாவது அனுமானத்தை, சாத்தனார் பொது, எச்சம், முதல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். கருமேகம் கண்டு மழை வரும் என்பது முதல். ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். சாத்தனார் காலத்தில் அதில் குறையில்லை. இப்போது சித்திரையில் யானைக்கல் பாலத்தில் நின்று வைகையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து ‘வருசநாட்டுப் பக்கம் நல்ல மழை’ என்று, வைகை பிறக்கும் மலைப்பகுதியைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிற பெரியவர் சிரிப்பார். அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் திறந்துவிட்ட தண்ணீர் அது. வைகை அணை 1959இல் வந்தது. அதற்கும் முன்பே, 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மேற்கே போக வேண்டிய தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியாயிற்று. வைகைக்காரர்கள் ஒரு துளி மழையைப் பார்க்காமலும் வைகையில் தண்ணீர் வரலாம். வெள்ளத்துக்கும் மேல்மழைக்கும் இருந்த வியாப்தி அறுந்துவிட்டது, அவ்வளவுதான். சாத்தனாரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. தேர்வில் ‘எச்சம்’ என்று வந்தால் அவர் சொன்னதையே எழுதுங்கள்.

அப்புறம் இந்தக் ‘கருதல்’. ‘நான் கருதுகிறேன்’ என்று மேடையில் சொல்கிறோமே, அந்த அபிப்பிராயம் இல்லை இது. அளவை நூலில் கருதல் என்றால் அனுமானம்.

மணிமேகலையில் அருத்தாபத்திக்குத் தரப்படும் எடுத்துக்காட்டும் பலரைத் திணறடிக்கிறது. ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்றால் கங்கைக் கரையில் இருக்கிறது என்று கொள்வது. வடமொழி அணிநூலார் இதையே இலக்கணைக்கு, அதாவது ஒரு சொல் தன் நேர்ப்பொருளை விட்டு அதோடு தொடர்புடைய வேறொன்றைக் குறிப்பதற்குக் காட்டுவார்கள். உடனே இரண்டும் ஒன்று என்று எழுதிவிடுகிறார்கள். ‘எங்க வீடு தெப்பக்குளத்துல’ என்று நம்மூரில் ஒருவர் சொன்னால், வீடு தண்ணீருக்குள் இருக்கிறதென்று யாரும் நினைப்பதில்லை. தெப்பக்குளம் என்ற சொல் அதைச் சுற்றியுள்ள தெருக்களைக் குறித்தது என்று சொல்லின் பக்கம் நின்று பார்த்தால் இலக்கணை. வீடு இருப்பதும் உண்மை, குளத்துக்குள் வீடு இருக்க முடியாது என்பதும் உண்மை, ஆகவே கரையில் என்று பொருளின் பக்கம் நின்று முடிவு கட்டினால் அருத்தாபத்தி. சாத்தனார் பேசுவது இரண்டாவதை.

அன்றாடப் பேச்சில் சண்டை மூட்டுவது வேறொரு பிழை. தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ‘எடுத்த மொழி இனம் செப்பலும் உரித்தே’ என்று ஒரு நூற்பா. ஒன்றைச் சொன்னால் அதன் இனமான இன்னொன்றையும் சொன்னதாக ஆவதுண்டு என்பது பொருள். குடம் கொண்டு போனவன் விழுந்தான் என்றால் குடமும் விழுந்தது, தனியாகச் சொல்ல வேண்டாம். இதைப் படித்த உற்சாகத்தில் எதைச் சொன்னாலும் அதன் மறுதலையும் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். நூற்பாவில் ‘செப்பலும்’ என்று ஓர் உம் இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். செப்பாத இடமும் உண்டு என்பதற்காகத்தான் அந்த உம். உரையாசிரியர்கள் அதற்கு ‘ஆ வாழ்க, அந்தணர் வாழ்க’ என்பதைக் காட்டுகிறார்கள். மற்றவை வாழ வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. கல்யாண வீட்டில் ‘மூத்தவன் பொறுப்பானவன்’ என்று ஓர் அத்தை சொல்கிறார். பிள்ளைகள் இரண்டே பேர் என்றால் இளையவன் முகம் சுருங்குவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மற்ற நான்கு பேரும் கோபித்துக்கொண்டால், அத்தை சொல்லாததை இவர்களாகவே அவர் வாயில் போட்டுவிட்டார்கள் என்று பொருள். முட்டுகிற இரண்டு செய்திகள் அங்கே இல்லை; முட்டல் இல்லாத இடத்தில் அருத்தாபத்தியும் இல்லை.

எழுத்தில் வரும் பிழைகள் சின்னவை. வடமொழியில் அர்த்தாபத்தி, தமிழில் அருத்தாபத்தி. ‘அர்த்த ஆபத்து’ என்று பிரித்து, பொருளுக்கு வந்த ஆபத்து என்று விளக்கம் தருவது வேடிக்கை. ஆபத்தி இங்கே வந்து சேர்தல். ‘அவர் அருத்தாபத்தி செய்தார்’ என்று எழுதுவதும் காதில் உறுத்துகிறது. ‘அருத்தாபத்தியால் பெறப்படும்’, ‘அருத்தாபத்தியாற் கொள்க’ என்பதே உரைநூல் வழக்கு. ஆய்வுக் கட்டுரையில் அது பொருந்தும். அலுவலகக் கடிதத்தில் இதைப் போட்டால் படிக்கிறவர் அகராதியைத் தேடுவார். அங்கே ‘இதிலிருந்து தானே விளங்கும்’ என்று எழுதினால் போதும்.