கீமோ ஆரம்பிக்கிறதா? முதலில் உங்கள் நர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கேன்சர் டாக்டரைப் பார்ப்பது பத்து நிமிடம்தான், மற்றபடி எல்லாவற்றுக்கும் நர்ஸ்தான். சில மருத்துவமனைகளில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கீமோ தேதி, காப்பீட்டுத் தாள் என்று ஒரு நோயாளியின் எல்லா வேலையையும் கோத்துப் பார்க்கவே ஒரு நர்ஸ் இருப்பார். முதல் நாளே, "எங்கள் கேஸை யார் பார்க்கிறீர்கள் சிஸ்டர், ராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது?" என்று கேட்டு, ஃபைல் அட்டையில் பெரிதாக எழுதிவிடுங்கள். செல்போனில் மட்டும் வைத்தால், செல்போன்காரர் வெளியே போன நேரம் பார்த்துத்தான் காய்ச்சல் வரும்.

காய்ச்சல்தான் முக்கியம். கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களில் பொதுவாக கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கும், அப்போது தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா, நேரே அவசரப் பிரிவுக்குப் போய் "கீமோ நோயாளி" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு சின்ன நோட்டு. என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாந்தி, வெளிக்குப் போனாரா, அவ்வளவு போதும். என் அம்மா வாயெல்லாம் புண்ணோடு "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்பார்; நோட்டில் இரண்டு நாளாக வெறும் மோர் என்றிருந்ததைப் பார்த்துத்தான் நர்ஸ் டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னார். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தால் அதையும் எழுதுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.