ஆன்டிபயாடிக் குடிக்கும் குழந்தைக்குப் பேதி வராமல் தடுக்க: புரோபயாடிக் கொடுக்கும் முறை

அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப் ஆரம்பித்த இரண்டு மூன்று நாளில் பல குழந்தைகளுக்கு வயிறு இளகும். மருந்து குடலின் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்கிறது; கிளாவுலனேட் தன் பங்குக்குக் குடலை முடுக்கியும் விடும். அதனால் அந்த சிரப்பைச் சாப்பாடு தொடங்கும்போது கொடுங்கள். 2019-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வில், புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள்) சேர்த்தபோது 100க்கு 19 குழந்தைகளுக்கு வந்த பேதி 8 ஆகக் குறைந்தது.

1. லேபிளைப் படியுங்கள். கடையில் "வயித்துக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் கையிருப்பில் இருப்பதுதான் வரும். இந்த வேலைக்கு நல்ல ஆதாரம் உள்ளவை இரண்டு: சாக்கரோமைசஸ் பொலார்டி, லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி. நாளுக்குக் குறைந்தது 5 பில்லியன், அதாவது 500 கோடி உயிருள்ள கிருமிகள் வேண்டும். பொலார்டி 250 மி.கி. சாஷே ஒன்றில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். இங்கே அதிகம் விற்கும் 5 மி.லி. குப்பி பேசில்லஸ் கிளாசி. அதில் இருப்பது 2 பில்லியன். பேதியைத் தடுக்க அதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. என் தேர்வு பொலார்டிதான். அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே தொடங்குங்கள். பேதி வந்தபின் வாங்கினால் தடுக்க என்ன மிச்சம்? கோர்ஸ் முடியும்வரை நிறுத்த வேண்டாம்.

3. கலக்குவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பொலார்டி உயிருள்ள ஈஸ்ட். ஆவி பறக்கும் பாலில் கொட்டினால் செத்துப்போகும். பிறகு கொடுப்பது வெறும் மாவு. சின்ன டம்ளரில் இரண்டு ஸ்பூன் ஆறிய தண்ணீர் எடுத்து, பொடியைத் தூவி, கட்டியில்லாமல் குழைத்து உடனே ஊட்டுங்கள். ஃபீடிங் பாட்டிலில் போடாதீர்கள்: பொடி நிப்பிளில் அடைக்கும், குழந்தை பாதியில் விட்டால் எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது.

4. நேரம். ஈஸ்ட்டை ஆன்டிபயாடிக் கொல்லாது, இடைவெளி அவசியமில்லை. ஆனால் ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து கொல்லும். ரம்னோசஸ் பாக்டீரியா, அதற்கு 2 மணி நேர இடைவெளி விடுங்கள். சிரப் காலை 8 என்றால் இது 10.

தயிர் போதாதா? வீட்டுத் தயிர் நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எந்தக் கிருமி, எத்தனை என்று கணக்கு சொல்ல முடியாததால் சாஷேக்கு மாற்றாகாது.

குறைமாதக் குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, கழுத்திலோ மார்பிலோ சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்திய மருந்துக் குழாய்) போட்ட குழந்தை: இவர்களுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. ஈஸ்ட் ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு.

இத்தனைக்குப் பிறகும் பேதி வந்தால் ஆன்டிபயாடிக்கை நீங்களே நிறுத்தாதீர்கள், பேதியை நிறுத்தும் லோபராமைடு மருந்தும் வேண்டாம். மலத்தில் ரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி. மற்றபடி ஒவ்வொரு முறை போனபிறகும் ஓ.ஆர்.எஸ்.: 2 வயதுக்குள் 50–100 மி.லி., அதற்கு மேல் 100–200 மி.லி. 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிப்போய் ஆபத்தாகும்; முழு லிட்டரில் கரைத்து, மீந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.