தனுஷ்கோடியில் பேய்க்கதை நடை: முதல்முறை கூட்டிச் செல்பவர்களுக்கு

மலை ஊர்களில் பேய்க்கதை நடை என்றால் இருட்டிய பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள். தனுஷ்கோடியில் அது முடியாது. இருட்டுவதற்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும் என்பது காவல்துறையின் கட்டுப்பாடு. பட்டப்பகலில்தான் கதை சொல்லியாக வேண்டும். இது குறை என்று நான் நினைக்கவில்லை. அங்கே இறந்தவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். நடந்ததை நடந்தபடி சொன்னாலே கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

படி 1: நடந்ததையும் சொல்லப்படுவதையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்தில் நடந்தது: 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல், கடலில் போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், வாழத் தகுதியற்ற ஊர் என்ற அரசு அறிவிப்பு. மறுபக்கத்தில் சொல்லப்படுவது: இரவில் கேட்கும் அழுகுரல், ரயில் ஊதல், மணலில் நடக்கும் உருவம். இரண்டாம் பக்கத்தில் உள்ளவற்றை 'சொல்வார்கள்' என்ற சொல்லோடுதான் பேச வேண்டும். புதிதாகப் பேயை உருவாக்காதீர்கள். உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தத் தீவில்தான் வாழ்கிறார்கள்.

படி 2: நேரமும் பாதையும்

மதியம் மூன்று மணிவாக்கில் தொடங்குங்கள். நிழல் கிடையாது, தண்ணீர், தொப்பி, செருப்பு கட்டாயம். ராமேஸ்வரத்திலிருந்து அரசு பஸ் உண்டு. வழியில் வரும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து இடிபாடுகள் உள்ள பழைய ஊர் 5 கிலோமீட்டர், அங்கிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை 4.5 கிலோமீட்டர். 2017இல் இந்தச் சாலை திறந்ததிலிருந்து பலர் நேராக அரிச்சல்முனைக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பழைய ஊரிலேயே இறங்குங்கள்.

படி 3: முதலில் ஊரை உயிரோடு காட்டுங்கள்

இதுதான் இந்த நடையின் அடித்தளம். சாவிலிருந்து தொடங்கினால் கேட்பவருக்கு வெறும் இடிபாடுதான் தெரியும். ரயில் நிலையச் சுவர்களுக்கு முன்னால் நின்று, எழும்பூரில் ஏறியவர் இங்கே வந்து இறங்கிய காலத்தைச் சொல்லுங்கள். போட் மெயில் என்ற ரயிலில் வந்தவர்கள் இங்கிருந்து இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்களில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார்கள். சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று சகலமும் இருந்த ஊர். பெட்டி தூக்கும் கூலிகளும் கப்பலுக்கு ஓடும் குடும்பங்களும் கேட்பவர் கண்ணில் தெரிய வேண்டும்.

பிறகு தேவாலயம். இங்கே அவசரப்படாதீர்கள். கூரை இல்லை, பலிபீடம் இருந்த பக்கத்துச் சுவர் நிற்கிறது. பவளக்கல்லால் கட்டிய சுவர் அது. பூச்சு உதிர்ந்த இடத்தில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்: கல் முழுக்க ஊசிமுனை அளவு துளைகள், வரிவரியாகக் கிளைத்த தடங்கள். ஒருகாலத்தில் கடலுக்குள் உயிரோடு வளர்ந்த பொருள் அது. கடலிலிருந்து எடுத்துக் கட்டிய கோயிலைக் கடலே வந்து உடைத்தது என்று அந்த இடத்தில் சொன்னால், பெரும்பாலும் யாரும் பேசமாட்டார்கள்.

ஒரு நுணுக்கம்: காற்று வரும் பக்கம் நீங்கள் நில்லுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எதிர்ப்பக்கம் நின்று எவ்வளவு கத்தினாலும் ஒரு சொல்லும் போய்ச் சேராது.

படி 4: ரயிலின் கதை

கடல் தெரியும் இடத்துக்கு நகர்ந்து, எல்லோரையும் மணலில் உட்கார வையுங்கள். குரலைத் தாழ்த்தி, சிறு சிறு வாக்கியமாகச் சொல்லுங்கள். இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து வண்டி கிளம்புகிறது. தனுஷ்கோடி நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. ஓட்டுநர் நீளமாக ஊதிப் பார்த்துவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்பார்கள். பேரலை எழுந்தது. ரயில்வே கணக்கில் பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களை யார் எண்ணியது?

இங்கே நிறுத்துங்கள். கேள்வி கேட்டால் மட்டும் அடுத்ததைச் சொல்லுங்கள்: உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், தனுஷ்கோடிக்கான தண்டவாளத்தை மறுபடி போடவே இல்லை. இரவில் ஊதல் கேட்பதாகச் சொல்லப்படும் கதைக்கு இதுதான் இடம். அதற்கு முன்னால் சொன்னால் அது வெறும் பூச்சாண்டியாகிவிடும்.

படி 5: அங்கே குடியிருப்பவர்கள்

'பேய் நகரம்' என்று பெயர் போட்டாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கிற ஊர் இது. மணலில் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் மொண்டு எடுப்பார்கள். குடிசைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். பெரியவர் யாராவது பேச விரும்பினால், "ஐயா, அந்தப் புயலைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே எதையும் விளக்காதீர்கள். கிளம்பும்போது சங்கு, சிப்பிக் கடைகளிலும் மீன் பொரிக்கும் கடைகளிலும் பத்து நிமிடம் விடுங்கள். பணம் இந்த ஊரிலேயே தங்கட்டும்.

கடைசியாக, ஆட்களை எண்ணி ஏற்றுங்கள். பவளக்கல் துண்டை யாராவது பையில் போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே சோதனைச் சாவடியைக் கடந்துவிட வேண்டும். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை வந்து இறங்கியதுமே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.