தமிழில் ஸ்ட்ரூப் சோதனை: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

'நீலம்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதி, மையின் நிறத்தைக் கேட்டுப் பாருங்கள். நாக்கு ஒரு கணம் தயங்கும். வாசிப்பு நமக்கு அவ்வளவு பழகிவிட்டது. வேண்டாம் என்றாலும் கண் வாசித்துவிடுகிறது. நிறத்தைச் சொல்லத்தான் முயற்சி தேவை. இப்படி இரண்டு விடைகள் மோதும்போது, மூளையின் முன்பகுதியில் உள்ள சிங்குலேட் புறணி அந்த மோதலை உணர்ந்து எச்சரிக்கிறது என்றும், நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி 'நிறத்தை மட்டும் கவனி' என்ற கட்டளையை வலுப்படுத்துகிறது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட ஆய்வில், 100 வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்கள் சராசரியாக 63 வினாடி எடுத்தார்கள். நிறம் பொருந்தாத 100 சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110 வினாடி. அக்கா மகனின் பள்ளிக் கண்காட்சிக்காக இதையே தமிழில் செய்தோம்.

படி 1: இரண்டு ஏ4 தாள்கள், நான்கு ஸ்கெட்ச் பேனாக்கள். பாரிமுனை வரை அலைய வேண்டாம், தெருமுனைக் கடையே போதும். சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு நான்கும் நல்லவை. மஞ்சள் வெள்ளைத்தாளில் தெரியாது. ஊதாவை அறவே தவிருங்கள். நம்மில் பலர் நீலத்தையே ஊதா என்கிறோம்.

படி 2: முதல் தாளில் 20 வண்ணக் கட்டங்கள். இரண்டாவதில் 20 நிறப்பெயர்கள், ஒவ்வொன்றும் தனக்குப் பொருந்தாத மையில். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக் கூடாது.

படி 3: நான் தடுமாறிய இடம் இதுதான். முதல் நாள் மாலை முழுக்க அளந்தும் இரண்டு தாள்களுக்கும் பெரிய வேறுபாடு வரவில்லை. மையைத்தான் சந்தேகித்தேன். பிறகுதான் பையன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டேன்: "ரெட், ப்ளூ, க்ரீன்..." தாளில் தமிழ், வாயில் ஆங்கிலம்! சென்னையில் நிறத்தை யார் தமிழில் சொல்கிறோம்? வாசிக்கும் மொழியும் விடை சொல்லும் மொழியும் வேறாக இருந்தால் மோதல் தணிந்துவிடுகிறது. "மாமா, தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றான். நியாயம். மறுநாள் கட்டங்களுக்கும் தமிழிலேயே பெயர் சொல்ல வைத்து, இரண்டு நிமிடம் பழக்கிவிட்டு அளந்தோம். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது.

படி 4: கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். தவறாகச் சொன்னால் திருத்திச் சொல்ல வேண்டும், கடிகாரம் ஓடட்டும். பாதிப் பேருக்குக் கட்டத்தாளை முதலில் கொடுங்கள், மீதிப் பேருக்குச் சொல்தாளை. இல்லையென்றால் பழக்கமே விடையைக் கெடுத்துவிடும். இதற்கென்று செயலிகள் உண்டு. ஆனால் விரலால் பொத்தானைத் தொடும்போது தடுமாற்றம் குறைகிறது. வாயால் சொல்வதே என் தேர்வு.

பின்சேர்க்கை: தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர், ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் துளியும் தடுமாறவில்லை என்று எழுதியிருந்தார். தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தைக்குச் சொல் தானாக ஓடி வராது, அதனால் மோதலும் இல்லை. ஆங்கிலச் சொற்களை எழுதி ஆங்கிலத்திலேயே விடை கேட்கச் சொன்னேன். அன்றிரவே பதில் வந்தது: நான்காவது சொல்லிலேயே நின்றுவிட்டாளாம்.