ஸோர்க் ஆடுவது எப்படி: தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

படம் கிடையாது, இசை கிடையாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று திரையில் நாலு வரி வரும். அதன் கீழே ஒரு குறி மின்னிக்கொண்டு காத்திருக்கும். அடுத்து என்ன செய்வது என்பதை நீங்கள்தான் தட்டச்சு செய்து சொல்ல வேண்டும். உரைவழி சாகச ஆட்டங்கள் எல்லாமே இப்படித்தான். முதன்முதலாக ஒன்றை ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது ஸோர்க் முதல் பாகத்தைத்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் சேர்ந்து 1977-ல் ஒரு பெரிய கணினியில் எழுதத் தொடங்கிய ஆட்டம் இது. வீட்டுக் கணினிகளின் சின்ன நினைவகத்தில் முழுதாக அடங்காததால் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து, முதல் பாகத்தை 1980-ல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்டது.

தொடங்கிய பலர் முதல் ஒரு மணி நேரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். புதிர்கள் கடினம் என்பதால் அல்ல, எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடாமல் போவதால். ஆகவே இந்த விளக்கத்தில் வரைபடம் போடுவதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றதையெல்லாம் விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஆட்டத்தில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

1. எதில் ஆடுவது

ஆட்டக் கோப்பு தனி, அதை ஓட்டும் செயலி தனி. இன்ஃபோகாம்காரர்கள் ‘இசட் மெஷின்’ என்றொரு கற்பனைக் கணினியை வடிவமைத்து, ஆட்டங்களை அதற்காகவே எழுதினார்கள். அந்தக் கற்பனைக் கணினியைப் போல நடிக்கும் செயலி ஒன்று இருந்தால் போதும், அன்றைய கோப்பு இன்றைய கணினியிலும் அப்படியே ஓடும். ஸோர்க் மூன்று பாகங்களின் மூல நிரலையும் மைக்ரோசாஃப்ட் 2025 நவம்பரில் எம்ஐடி உரிமத்தின் கீழ், அதாவது யாரும் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் உரிமத்தோடு, வெளியிட்டது.

செயலிகளில் என் தேர்வு கார்காயில். எழுத்துரு அச்சுப் புத்தகம்போலத் தெளிவாக இருக்கும். வாசிப்பதுதான் முழு வேலையும் என்கிற ஆட்டத்தில் அது பெரிய விஷயம். கருப்புத் திரையில் முனையச் சாளரத்தில் ஆடப் பிடித்தவர்களுக்கு ஃப்ராட்ஸ். உலாவியிலேயே ஓடும் பார்ச்மென்ட் ருசி பார்க்க நல்லது. ஆனால் சேமித்த ஆட்டம் உலாவிக்குள்ளேயே தங்குவதால், உலாவியைச் சுத்தம் செய்யும்போது அதுவும் போய்விடலாம். முழு ஆட்டத்தையும் ஆடப் போகிறீர்கள் என்றால் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். கைபேசி வேண்டாம். ஒரு கையில் பென்சில் இருக்க வேண்டிய ஆட்டம் இது.

2. ஆட்டத்தோடு பேசும் முறை

முதல் கட்டளை ‘வெர்போஸ்’. இதைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறை ஓர் இடத்துக்குள் நுழையும்போதும் முழு விவரணையும் வரும். கொடுக்காவிட்டால் இரண்டாம் முறை இடத்தின் பெயரும் அங்குள்ள பொருள்களும் மட்டும்தான் வரும். வரைபடம் போடுகிறவருக்கு அது போதாது.

நடப்பதற்குத் திசைப் பெயரின் முதல் எழுத்தே போதும். வடகிழக்கு போன்றவற்றுக்கு இரண்டு எழுத்து. மேலே, கீழே என்பவையும் திசைகளே. சுற்றிப் பார்க்க ‘லுக்’, கையிருப்பைப் பார்க்க ‘இன்வென்டரி’, ஒரு பொருளை உற்றுப் பார்க்க ‘எக்ஸாமின்’. ‘டேக் ஆல்’ என்றால் அங்கே எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிடுவீர்கள். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ஒரு முற்றுப்புள்ளி வைத்து ஒரே வரியில் அடிக்கலாம்.

ஆட்டம் திறந்ததும் வெள்ளை வீடு ஒன்றின் மேற்கே நிற்பீர்கள். வாசல் கதவு பலகை அடித்து மூடியிருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன அஞ்சல் பெட்டி. ‘ஓப்பன் மெயில்பாக்ஸ்’, பிறகு ‘டேக் லீஃப்லெட்’, ‘ரீட் லீஃப்லெட்’. இந்த மூன்றைச் செய்தாலே பேச்சுமுறை கைவந்துவிடும்.

நீங்கள் சொன்னது புரியாதபோது ஆட்டம் என்ன பதில் சொல்கிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ‘இந்தச் சொல் எனக்குத் தெரியாது’ என்று வந்தால், அந்தச் சொல் ஆட்டத்தின் அகராதியிலேயே இல்லை. வேறு சொல்லைத் தேடுங்கள். ‘அப்படி எதுவும் இங்கே தென்படவில்லை’ என்று வந்தால் கதையே வேறு: அந்தச் சொல் ஆட்டத்துக்குத் தெரியும், அந்தப் பொருள் இந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், ஆட்டம் கொடுக்கும் மறுப்பிலிருந்தே தகவல் கறக்கலாம்.

3. வீட்டுக்குள் போய், கீழே இறங்குவது

புதிர்களை அவிழ்த்துக் கொடுக்கப் போவதில்லை. நுழைவு வரைக்கும் மட்டும் கூட வருகிறேன்.

வடக்கே போய், அங்கிருந்து கிழக்கே போனால் வீட்டின் பின்புறம். அங்கே லேசாகத் திறந்திருக்கும் ஜன்னலை நன்றாகத் திறந்து, மேற்கே நுழைந்தால் சமையலறை. அதற்கும் மேற்கே வரவேற்பறை. அங்கே பித்தளை விளக்கு, ஒரு வாள், கண்ணாடிப் பேழை, தரையில் ஒரு விரிப்பு. விளக்கையும் வாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பை நகர்த்தினால் தரையில் ஒரு கதவு தெரியும்.

இறங்குவதற்கு முன் இரண்டு வேலை. ‘டர்ன் ஆன் லேம்ப்’ என்று விளக்கை ஏற்றுங்கள். கீழே இருட்டு. இருட்டில் தடவி நடந்தால் க்ரூ என்னும் பிராணி உங்களைத் தின்றுவிடும். அடுத்து ‘சேவ்’ கொடுத்து ஆட்டத்தைச் சேமியுங்கள். பிற்கால ஆட்டங்களில் இருக்கும் ‘அன்டூ’ ஸோர்க்கில் கிடையாது. ஒரே கோப்பின் மேல் மறுபடி மறுபடி எழுதாமல், ஒவ்வொரு முறையும் வேறு பெயர் கொடுங்கள். நீங்கள் நேற்று செய்த ஒரு காரியம் ஆட்டத்தை முடிக்க முடியாதபடி ஆக்கியிருக்கலாம், அது இன்றுதான் தெரியவரும். பழைய கோப்பு இருந்தால் அதிலிருந்து தொடரலாம்.

நீங்கள் இறங்கியதும் மேல் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும். பதற வேண்டாம், வெளியே வர வேறு வழி உண்டு. வடக்கே கோடரியோடு ஒரு பூதம் நிற்கிறது. ‘கில் ட்ரால் வித் சோர்ட்’ என்று அடித்துக்கொண்டே இருங்கள். அடி விழுவதும் தவறுவதும் தற்செயலைப் பொறுத்தது. தோற்றால் சேமித்த இடத்துக்கு வந்து மறுபடி மோதுங்கள். கிடைக்கும் புதையல்களை வரவேற்பறைப் பேழைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். முழு மதிப்பெண் 350.

4. வரைபடம்

பெரிய தாளாக எடுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு பெட்டி, ஒரு வழிக்கு ஒரு கோடு. போய்ப் பார்க்காத திசைகளுக்குப் பெட்டியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. எடுக்காமல் விட்ட பொருளின் பெயரைப் பெட்டிக்குள் எழுதுங்கள். ஒரே நேரத்தில் நிறையச் சுமக்க முடியாது என்பதால், வழியில் எதையாவது விட்டுத்தான் போவீர்கள்.

மென்பொருளில் வரைய ட்ரிஸ்பார்ட் இருக்கிறது. நன்றாகவே வரையும். ஆனாலும் முதல் ஆட்டத்துக்குத் தாள்தான் என் கட்சி. ஆட்டச் சாளரத்தை விட்டு விலகாமலே கிறுக்கலாம், ஓரத்தில் குறிப்பும் எழுதலாம்.

இனித்தான் கவனம் வேண்டும். வடக்கே போனால், தெற்கே திரும்பினால் பழைய இடம் வரும் என்று மனம் தானாக முடிவு கட்டிக்கொள்ளும். ஸோர்க்கில் அது எப்போதும் உண்மை அல்ல. முதல் காட்சியிலேயே சோதித்துப் பாருங்கள். வீட்டின் மேற்குப் பக்கத்திலிருந்து வடக்கே போங்கள். வடபுறம் வந்துவிடுவீர்கள். அங்கிருந்து தெற்கே என்று சொன்னால், ஜன்னல்களெல்லாம் பலகை அடித்து மூடியிருக்கின்றன என்று பதில் வரும். திரும்பிப் போக மேற்கே என்றோ தென்மேற்கே என்றோ சொல்ல வேண்டும். வீட்டின் மூலையைச் சுற்றி வந்திருக்கிறீர்கள், பாதை வளைந்திருக்கிறது. எனவே கோட்டின் இரு முனையிலும் தனித்தனியாகத் திசையை எழுதுங்கள். நடந்து பார்த்து உறுதி செய்யும் வரை ஒரு முனையை வெறுமையாகவே விட்டுவையுங்கள்.

இந்தப் பழக்கம் இருந்தால், பூதத்தின் அறைக்கு மேற்கே தொடங்கும் சுழல்வழியில் தப்பிப்பீர்கள். அங்கே அறைக்கு அறை ஒரே விவரணைதான்: வளைந்து நெளியும் சின்னச் சின்ன வழிகள், எல்லாம் ஒரே மாதிரி. எந்த அறையில் நிற்கிறோம் என்பதை விவரணையை வைத்துச் சொல்லவே முடியாது. நீங்களே அடையாளம் வைக்க வேண்டும்.

போகும்போது புதையல் அல்லாத சாதாரணப் பொருள்கள் சிலவற்றைக் கையில் வைத்திருங்கள்: அஞ்சல் பெட்டியில் கிடைத்த தாள், சமையலறைப் பை, தண்ணீர்ப் பாட்டில், பரணில் கிடைக்கும் கத்தி. முதல் அறையில் தாளைப் போடுங்கள். இனி அந்த அறைக்குப் பெயர் ‘தாள்’. இங்கே பெட்டிப் படம் உதவாது, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சிக்கிக்கொள்ளும். அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் அறைப் பெயர்கள், மேலே பத்துத் திசைகள்.

தாள் அறையிலிருந்து வடக்கே போங்கள். அறை வந்ததும் தரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தாள் கிடக்கும்! நடந்து சுற்றி அதே அறைக்கே வந்திருக்கிறீர்கள். அட்டவணையில் ‘தாள், வடக்கு: தாள்’ என்று எழுதுங்கள். அடுத்து தெற்கே. தரையில் எதுவும் இல்லை, அப்படியென்றால் புது அறை. பையைப் போடுங்கள். இப்போது பை அறையிலிருந்து மறுபடியும் தெற்கே போங்கள். தாள் அறைக்கே வந்து சேர்வீர்கள். போனதும் தெற்கு, திரும்பியதும் தெற்கு. அட்டவணை இல்லாமல் இதை நினைவில் வைத்துக்கொள்ளவே முடியாது.

பை அறையிலிருந்து கீழே இறங்கினால், போகும் வழியில் திரும்பி ஏற முடியாது என்று ஆட்டமே எச்சரிக்கும். அப்படிப்பட்ட கட்டத்தில் ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். ஓர் அறையின் பத்துத் திசைகளையும் முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போவது நல்லது. ஆர்வத்தில் ஓடினால் கையிலுள்ள பொருள்கள் தீர்ந்துபோகும். தீர்ந்தால், எல்லாத் திசையும் எழுதி முடித்த அறையிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி பயன்படுத்துங்கள். விளக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் அடையாளமாக வைக்காதீர்கள்.

பிற்சேர்க்கை

இந்த முறையில் ஆடியவர்கள் கேட்டவற்றில் சில.

நீளமான சொற்களைச் சுருக்கலாமா? ஸோர்க் ஒரு சொல்லின் முதல் 6 எழுத்தைத்தான் பார்க்கும். அதற்குப் பின்னால் பிழை இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆறுக்கும் குறைவாகச் சுருக்கினால் ஏற்காது. ‘எக்ஸாமின்’ என்பதற்கு ‘எக்ஸ்’ என்ற ஒற்றை எழுத்தும் பிற்கால ஆட்டங்களில்தான் வேலை செய்யும், இங்கே முழுச் சொல்லையும் அடியுங்கள்.

விளக்கு மங்குகிறது என்று செய்தி வருகிறதே? அதன் மின்கலத்துக்கு ஆயுள் உண்டு. வெளிச்சமுள்ள இடங்களில் அணைத்துவிடுங்கள்.

விடை பார்த்து ஆடலாமா? சிக்கிக்கொண்டால் பாருங்கள், தவறில்லை. ஆனால் முழுத் தீர்வை ஒரே மூச்சில் படிக்காமல், படிப்படியாகத் திறக்கும் குறிப்புகளைத் தேடுங்கள். இன்ஃபோகாம் விற்ற குறிப்புப் புத்தகங்களில் விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து தெரியும், அதுவும் ஒவ்வொரு குறிப்பாக. ஒரு குறிப்பு, பிறகு கொஞ்சம் யோசனை, தேவைப்பட்டால் அடுத்த குறிப்பு. இன்றைக்கும் அந்த முறைதான் சரி என்று நினைக்கிறேன்.

சுழல்வழியில் போட்ட பொருள் வேறு அறையில் கிடக்கிறது, அல்லது காணவே இல்லை என்று பலர் குழம்பியிருக்கிறார்கள். அட்டவணையில் தவறில்லை, திருடனின் வேலை அது. ஸோர்க்கின் நிலத்தடியில் ஒரு திருடன் திரிகிறான். சுழல்வழிக்குள் கிடக்கும் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். ‘இந்த அருமையான பொருள் இங்கே என்ன செய்கிறது’ என்று தூரத்தில் யாரோ சொல்வதாக ஒரு வரி வந்தால், அவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். உடனே நடப்பதை நிறுத்தி, அதுவரை எழுதிய கட்டங்களுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளவை நம்பகமானவை. சுழல்வழிக்குள் நுழையும் முன் சேமித்த கோப்புக்குத் திரும்பி, கோட்டுக்குக் கீழே வர வேண்டியவற்றை மட்டும் மறுபடி நடந்து நிரப்புங்கள்.