விலை உச்சத்தில் கம்பெனி புதுப் பங்கு விட்டால் என்ன பார்க்க வேண்டும்

பல்லடம் பக்கம் எங்கள் பெரியப்பா தறிக் கடனை அடைக்க 40 லட்சம் தேவை என்று நிலம் விற்றார். சென்ட் 2 லட்சம் போனபோதே கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்திருந்தால் 20 சென்ட் போயிருக்கும், பொறுத்திருந்து 4 லட்சத்துக்கு விற்றதால் "பத்து சென்ட்டோட முடிஞ்சுதுங்க, மிச்சம் பையனுக்கு இருக்குதுங்க" என்று புரோக்கரிடம் சொன்னார்.

கம்பெனி போடுவதும் இதே கணக்குத்தான். 1 கோடி பங்குள்ள கம்பெனிக்கு 100 கோடி ரூபாய் வேண்டும். பங்கு 200 ரூபாய் என்றால் 50 லட்சம் புதுப் பங்கு விட வேண்டும், கம்பெனியில் மூன்றில் ஒரு பாகம் கைமாறிவிடும். 1,000 ரூபாய் என்றால் 10 லட்சம் போதும், பழைய ஆட்களிடம் கிட்டத்தட்ட 91 சதவீதம் நிற்கும். விலை பல மடங்கு ஏறிய 2020ல் டெஸ்லா செப்டம்பரிலும் டிசம்பரிலும் தலா 500 கோடி டாலர் வரை பங்கு விற்பதாக அறிவித்தது இதனால்தான்.

சரி, உங்கள் கம்பெனி அறிவித்தால்? பணம் எதற்கு என்று முதலில் படியுங்கள். கடனை அடைக்க என்றால் நான் சந்தோஷப்படுவேன்: பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) 50ல் இருக்கும் பங்கை 100 ரூபாய்க்கு விற்கும்போது வருஷத்துக்கு 2 ரூபாய் லாபத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள், அதே 100 ரூபாயில் 10 சதவீத வட்டிக் கடன் அடைந்தால் வரி போக ஏழு ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். "பொதுவான தேவைகள்" என்று மட்டும் இருந்தால் நிர்வாகம் போன தடவை வாங்கிய பணத்தை என்ன செய்தது என்று பழைய ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள்.

உரிமைப் பங்கு (பழைய பங்குதாரர்களுக்கு அவரவர் கையிலுள்ள பங்கின் விகிதப்படி கம்பெனி விடும் புதுப் பங்கு) என்றால் அதை வாங்கும் உரிமை உங்கள் டீமேட் கணக்குக்கே வரும். வாங்கப் பணமில்லாவிட்டால் சந்தையில் விற்றுவிடுங்கள், சந்தையில் விற்கும் அவகாசம் வெளியீடு முடிவதற்கு முன்பே முடிந்துவிடும், விற்காமலும் விண்ணப்பிக்காமலும் வெளியீடு முடிந்துவிட்டால் அது வீண்தான்.

ஐபிஓவில் (கம்பெனி பங்கு முதல் தடவையாகப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வருவது) ஆஃபர் ஃபார் சேல் என்றால் கம்பெனிக்கு ஒரு பைசா வராது, விற்கிற பழைய பங்குதாரருக்கே போகும். அங்கே நீங்கள் நிற்பது பெரியப்பா இடத்தில் இல்லை, சென்ட் 4 லட்சம் கொடுத்து வாங்கியவர் இடத்தில். அதனால் அந்த விலைக்கு லாபம் எத்தனை வருஷத்தில் ஈடு கொடுக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.