ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்தப் போகிறீர்களா? முதல் வகுப்புக்கு முன் இதைச் செய்யுங்கள்

பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க வந்த புதிதில், பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியையும் நாலு வரியாகச் சுருக்கி ஸ்லைடில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு 60 ஸ்லைடு. மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஒரு கேள்வி வரவில்லை. ஸ்லைடு மாணவர் பார்ப்பதற்கு, குறிப்பு நாம் பார்ப்பதற்கு. இந்த இரண்டையும் பிரித்த பிறகுதான் என் வகுப்பு மாறியது. அதை எப்படிப் பிரிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பவர்பாயிண்டைத் திறக்காதீர்கள்

ஒரு தாளை எடுத்து, வகுப்பு முடியும்போது மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "நியூட்டனின் மூன்றாம் விதியைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியே இல்லை. "இரண்டு வண்டிகள் மோதும்போது எதன் மீது எவ்வளவு விசை என்று சொல்லி, காரணமும் சொல்வார்" என்று எழுதுங்கள். இந்த வரிக்கு உதவாத ஸ்லைடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

படி 2: ஒரு ஸ்லைடை எடுத்துத் திருத்திப் பாருங்கள்

வழக்கமான ஸ்லைடு எப்படி இருக்கும்? மேலே "நியூட்டனின் மூன்றாம் விதி" என்று தலைப்பு, கீழே விதியின் வரையறை, சமன்பாடு, மூன்று உதாரணங்கள், எல்லாம் எழுத்தாக. ஆசிரியர் அதைத் திரையைப் பார்த்தே வாசிப்பார். மாணவர் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிடுவார், காதில் விழுவதும் கண் படிப்பதும் ஒத்துப்போகாமல் இரண்டும் அரைகுறையாகும். ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திப் பார்க்க முடிவது கொஞ்சம்தான் என்பதை வைத்துக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களில் அறிவுச்சுமைக் கோட்பாட்டை முன்வைத்தார். இன்னொரு கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் இன்னும் நேரடியானவை: படமும் பேச்சும் சேர்ந்தால் பாடம் நன்றாகப் பதிகிறது, அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் பதிவது குறைகிறது.

சரி, இப்போது திருத்துவோம். தலைப்பை முழு வாக்கியமாக்குங்கள்: "லாரியும் காரும் மோதினால் இரண்டின் மீதும் விசை ஒரே அளவு." கீழே லாரி, கார், எதிரெதிராக ஒரே நீளத்தில் இரண்டு அம்புக்குறிகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதிக்குப் போகட்டும். கார் 1,000 கிலோ, லாரி 10,000 கிலோ என்றால் அதே விசைக்குக் காரின் முடுக்கம் 10 மடங்கு, அதனால்தான் மோதலில் காரின் வேகம் அதிகம் மாறுகிறது என்பதை வாயால் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் ஸ்லைடில் செய்யவே வேண்டாம் என்பேன். சமன்பாட்டை வருவிப்பது, நிரூபணம் எழுதுவது இதெல்லாம் கரும்பலகையிலோ, பேனா வைத்து எழுதும் டேப்லெட்டிலோதான் நடக்க வேண்டும். நீங்கள் ஒரு வரி எழுதி, கொஞ்சம் யோசித்து, அடுத்த வரிக்குப் போகும் அந்த வேகம்தான் மாணவர் கூடவே வரக்கூடிய வேகம்.

படி 3: கடைசி வரிசையில் போய் உட்காருங்கள்

வகுப்பறை காலியாக இருக்கும்போது ஸ்லைடைத் திரையில் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். எழுத்தின் அளவு 24 பாயிண்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். வரைபடத்தில் ஒரு கோடு சிவப்பு, இன்னொன்று பச்சை என்று வைத்தால் சிலருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஆகவே ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக்கி, பெயரைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

படி 4: நடுவில் ஒரு கேள்வி வையுங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடக்கூடாது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸுர் 1991 முதல் செய்துவரும் முறை இது. படி 2இல் திருத்திய அந்த ஸ்லைடைக் காட்டும் முன்பே, விடை இல்லாத ஸ்லைடு ஒன்றைப் போடுங்கள்: "லாரி காரில் மோதுகிறது. எதன் மீது விசை அதிகம்? அ) கார் ஆ) லாரி இ) இரண்டிலும் சமம்." ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்கட்டும். அப்புறம் கைபேசி வாக்கெடுப்பிலோ, விரல்களைக் காட்டியோ பதில் சொல்லட்டும். ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால் விடையை வெளியிடாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லி மறுபடி வாக்கு எடுங்கள். அதற்கும் குறைவு என்றால் நீங்கள்தான் மறுபடி விளக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சரி என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

அவர்கள் பேசும்போது திரையை அணைத்துவிட நினைத்தால் விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்துங்கள், திரை கறுத்துவிடும். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்பி வரும். கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக நிற்பது முதலில் சங்கடமாகத்தான் இருக்கும், நில்லுங்கள்.

படி 5: கருவிகளை முந்தின நாளே சரிபாருங்கள்

விண்டோஸ் விசையோடு ப்ரொஜெக்டருக்கான பி எழுத்தை அழுத்தி எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பிரசென்டர் வியூ மூலம் குறிப்பு உங்கள் மடிக்கணினியிலும் ஸ்லைடு மட்டும் திரையிலும் தெரியும். எஃப்5 முதல் ஸ்லைடிலிருந்து தொடங்கும், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் நீங்கள் இருக்கும் ஸ்லைடிலிருந்து. யாராவது "அந்த 12ஆவது ஸ்லைடு" என்று கேட்டால் 12 தட்டி என்டர் அழுத்துங்கள், எல்லார் கண்முன்னும் பின்னோக்கி ஓட்ட வேண்டாம். தமிழில் ஸ்லைடு செய்பவர்கள் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் வகுப்பறைக் கணினியில் பாடம் முழுக்கப் புரியாத குறியீடுகளாக நிற்கும். பென் டிரைவில் ஒரு பிடிஎஃப் நகலும் இருக்கட்டும். காணொளியை இணையத்தை நம்பி வைக்காமல் கோப்பாகவே சேர்த்துவிடுங்கள். அதோடு மின்சாரம் போனாலும் அன்றைய கேள்வியைப் பலகையில் எழுதி நடத்த முடிகிற மாதிரி ஒரு தாள் கையில் இருந்தால் வகுப்பு நிற்காது.

வகுப்பு முடிந்த கையோடு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் தவறான விடை சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை, மறப்பதற்குள் அந்த ஸ்லைடின் நோட்ஸ் பகுதியிலேயே எழுதி, தேதி போட்டுச் சேமித்துவிடுங்கள்.